கொத்தனார் நனைக்காமல் வைத்த கல்

எலும்பு முறிவு வார்டின் மேற்குச் சுவரில் இருந்த ஓட்டை, நோயாளிகள் பார்த்துப் பார்த்தே விழுந்தது. கட்டில்கள் எல்லாம் அந்தச் சுவரை நோக்கியே போடப்பட்டிருந்தன, சன்னல் கிடையாது. காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் மல்லாந்து கிடப்பவர்களுக்குச் சுவரைப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை? முதல் சில ஆண்டுகளில் சுண்ணாம்பு தேய்ந்தது, பிறகு பூச்சு, அதற்கும் பிறகு செங்கல். ஒருநாள் காலை, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு அந்தப் பக்கத்துக் குளமும் கரைமரங்களும் கொக்குகளும் தெரிந்தன. அது முதல் வலி மாத்திரை கேட்பவர்கள் குறைந்தார்கள். நெடுநாள் கிடக்கவேண்டியவர்கள் பாதி நாளிலேயே எழுந்து வீட்டுக்கு நடந்தார்கள். ஆனால் கண்காணிப்பாளருக்கு ஓட்டை ஓட்டைதான். சாரல் அடிக்கிறது என்று சொல்லிக் கொத்தனாரை வரவழைத்தார்.

கொத்தனார் தொழிலில் கெட்டிக்காரர். அதைத் தாமே சொல்லிக்கொள்ளவும் கூச்சப்படாதவர். பழைய சுவரை இடித்துப் புதிதாகவே கட்டி, சிமெண்டைத் தாராளமாகப் பூசி, "இனிமே கண்ணு என்ன, கடப்பாரையே பட்டாலும் அசையாது" என்று தலைமைச் செவிலியிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே வார்டில் அழைப்பு மணி ஓயாமல் அடிக்கத் தொடங்கியது.

அடுத்த மழைக்காலத்தில் சாரம் சரிந்து கொத்தனாரின் தொடை எலும்பு முறிந்தது. அவர் கட்டிய சுவருக்கு நேர் எதிரே இருந்த கட்டில்தான் காலியாக இருந்தது. வாரங்கள் போயின, எலும்பு கூடவில்லை. அடுத்த எக்ஸ்ரேயிலும் இப்படியே இருந்தால் சாரம் ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் மருத்துவர். கொத்தனாரோ சுவரின் பக்கமே திரும்பாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தம் பார்வை பட்டே தம் வேலை தேய்ந்துவிட்டால், பிறகு எந்த முகத்தோடு கரண்டியைத் தொடுவது?

பக்கத்துக் கட்டில் தையல்காரர் சும்மா இருக்கவில்லை. "உங்க சுவத்துல ஒரு கொறையும் இல்ல கொத்தனாரே. கொறையெல்லாம் எங்க எலும்புலதான்."

"சுவர் இருந்தாத்தான்யா சித்திரம் எழுத முடியும்" என்றார் கொத்தனார்.

சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்த கொத்தனாரின் மனைவி நிமிர்ந்தாள். "அந்தப் பழமொழியில சுவருன்னா உடம்புங்க, சிமெண்டு இல்ல. குளத்தங்கரை வழியாத்தான் தெனம் வர்றேன். கொக்கு குஞ்சு பொரிச்சிருக்கு. நீங்க கட்டின சுவரு நல்லா நிக்குது, சந்தோசம். நீங்க எப்ப நிக்கப் போறீங்க?"

மறுநாள் காலை கொத்தனார் மெல்லச் சுவரின் பக்கம் தலையைத் திருப்பினார். "நடுவுல, கொஞ்சம் எடப்பக்கமா ஒரு கல்லு இருக்கு. டீ வந்துருச்சேன்னு நனைக்காம வச்சிட்டேன். நனைக்காத கல்லு சாந்தைப் பிடிக்காது. அங்க பாருங்க."

"இத்தன நாளா இத வாயில அடக்கி வச்சிருந்தீங்களா?" என்றார் தையல்காரர்.

செய்தி கட்டில் கட்டிலாகப் பரவியது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள்; பார்வைமேல் பார்வை விழுந்தால் செங்கல் என்ன செய்யும்? பூச்சு முதலில் மாவாக உதிர்ந்தது. பிறகு கல் கரைந்தது. குளத்து வெளிச்சம் உள்ளே வந்து கூரையில் நெளிந்தது. கொத்தனார் குஞ்சுகளுக்கும் முன்னால் ஓட்டையின் விளிம்பைத்தான் பார்த்தார். "பரவால்ல, சுத்தி ஒரு விரிசல் விடல" என்றார். அதன்பிறகு கொக்குக் குஞ்சுக்கு இறகு முளைக்க முளைக்க அவர் எலும்பும் கூடியது. மருத்துவர் எக்ஸ்ரேயை நேராகவும் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு, நடக்கச் சொன்னார். கண்டிக்க வந்த கண்காணிப்பாளர் ஓட்டையருகே வெகுநேரம் நின்று, வந்த வேலையை மறந்து திரும்பிப் போனார். சாரலுக்கு ஒரு சின்ன மரக்கதவைக் கொத்தனாரே மாட்டிக்கொடுத்தார்.

மறு ஆண்டு பெண்கள் வார்டு கட்டும் வேலையும் அவருக்கே வந்தது. சாரத்தின் மேல் நின்றபடியே, கட்டிலில் படுத்தால் கண் எந்த உயரத்துக்கு வரும் என்று தலைமைச் செவிலியிடம் கேட்டு, அந்த இடத்தில் மட்டும் கற்களை நனைக்காமல் அடுக்கினார்.

"பேசாம ஒரு சன்னலே வச்சிடலாமேண்ணே" என்றாள் செவிலி.

"வரைபடத்துல இல்லையேம்மா. படுக்க வர்றவங்க பாத்துப் பாத்துப் போட்டுக்கட்டும்."

சொன்னதோடு நில்லாமல், வரப்போகும் ஓட்டைக்கு ஒரு மரக்கதவையும் வெளிச்சுவரில் முன்கூட்டியே மாட்டிவைத்தார். ஓட்டை இன்னும் விழவில்லை. கதவின் கீல்களுக்கு மட்டும் மாதந்தவறாமல் எண்ணெய் விடுகிறார்கள்.