ஆனையாரின் காது

எங்கள் குடும்பத்தில் யாரும் கூன் போட்டு உட்கார்ந்ததில்லை. கேமராவுக்கு முன்னாலும் நான் முதுகை நிமிர்த்தித்தான் உட்காருவேன். என் முகம் செய்வதைத் திரையில் ஆனையார் செய்வார். கணினிக்குள் வாழும் யானை நீதிபதி அவர். எங்கள் ஸ்டூடியோவின் பொம்மை. முகமும் குரலும் என்னுடையவை.

போன வாரம் சானலின் தயாரிப்பாளரம்மா என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "பொம்மை மரக்கட்டை மாதிரி இருக்குங்க. வெள்ளிக்கிழமை வரேன். அப்பவும் இப்படியே இருந்தா எங்க நடிகர் ஒருத்தரை வச்சுக்கலாம்."

எங்கள் ஆனையாருக்கு வேற்று முகமா? மருமகளைக் கூப்பிட்டேன். பொம்மையை வரைந்து அசைய வைப்பவள் அவள். தோலில் சுருக்கங்கள் தீட்டினாள். தும்பிக்கைக்குக் கீழே நிழல் விழுந்தது. கண்ணில் ஈரமாக ஓர் ஒளிப்புள்ளி. காதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கோத்தாள்.

"தலை நின்ன பிறகும் காது கொஞ்சம் ஆடி அடங்கும் மாமா. அதுலதான் கனம் தெரியும்."

வெள்ளிக்கிழமை தயாரிப்பாளர் வந்தார். மகளின் வேலையைப் பார்க்கச் சம்பந்தியும் வந்துவிட்டார், யாரும் கூப்பிடாமலே. கதையில் வரும் திருட்டு நரிக்கு நான் தீர்ப்பு சொல்லத் தொடங்கினேன். ஆனையாரின் தோலைத் தொட்டுப் பார்க்கலாம் போலிருந்தது. காதுகள் மட்டும் கொடியில் காயும் துண்டு மாதிரி தொங்கின. தயாரிப்பாளர் பேனாவை மூடினார்.

"அப்பா, தலையைக் கொஞ்சம் அசைங்களேன்," என்றான் மகன். "தலை அசைஞ்சாத்தானே காது ஆடும்?"

"நான் என்ன தலையாட்டிப் பொம்மையா? நீதிபதிடா!"

பக்கவாட்டிலிருந்து சம்பந்தி கனைத்தார். "எம்பொண்ணு காது செஞ்சு என்ன புண்ணியம்? கழுத்துல துரு பிடிச்சிருக்கே!"

சட்டென்று திரும்பினேன். "கல்யாண போட்டோவுல என் தோளை எட்ட ஸ்டூல் மேல ஏறி நின்ன ஆளு, என் கழுத்தைப் பத்திப் பேசறீங்களா?"

"அது ஸ்டூல் இல்ல, படி!"

"படியோ பலகையோ! ஏறினீங்களா இல்லையா?"

தயாரிப்பாளர் கைகொட்டிச் சிரித்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது எங்களை அல்ல, திரையை. மருமகள் பதிவை நிறுத்தவே இல்லை. ஆனையாரின் நெற்றி நெரிந்திருந்தது. தும்பிக்கையின் நிழல் கன்னத்தில் வழுக்கி ஓடியது. தலை நின்றும் இடது காது ஒருமுறை வீசி, மெல்ல அடங்கியது. அந்தக் கோபம் எனக்குத் தெரியும். என் அப்பாவிடம் பார்த்தது. கலப்படமில்லாத எங்கள் வீட்டுக் கோபம்.

"இதுதாங்க வேணும்! தீர்ப்பையும் இப்படியே சொல்லுங்க," என்றார் தயாரிப்பாளர்.

சொன்னேன். கழுத்து மறுபடி நேராகிவிட்டது, காது நின்றது. யோசிக்க ஒன்றுமில்லை.

"சம்பந்தி, கேமராவுக்குப் பக்கத்துல வந்து உட்காருங்க."

"எதுக்கு?"

"உங்க மூஞ்சியைப் பார்த்தாத்தான் எனக்கு வருது."

கால்மேல் கால் போட்டு, மீசைக்குள் சிரித்தபடி உட்கார்ந்தார். அது போதும். காதுகள் எழுந்தன. நரிக்கு நான் சொன்ன தீர்ப்பில் தயாரிப்பாளரே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நடிகரெல்லாம் வேண்டாம்," என்றார் போகும்போது. "ஆனா இவரும் தினமும் வரணும்."

சம்பந்தி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பேர் போடுவீங்களா?"

"போடலாம்," என்றேன். "ஆனையார் பேருக்குக் கீழே."

இப்போது பதிவு அறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. மகன் சற்று உயரமானதாகப் பார்த்து வாங்கியிருக்கிறான். சம்பந்தி என்பதால் நான் ஆட்சேபிக்கவில்லை.