குட்டை வரி

திரையில் எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கும் நீலப் பட்டை மேலிருந்து நேராக இறங்கி வந்தது. நடுவே ஒரு குட்டை வரி குறுக்கிட்டதும் ஒடிந்து இடப்பக்கம் சாய்ந்தது. தங்கை மவுஸை விட்டுவிட்டு, பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த அண்ணனைப் பார்த்தாள். அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அது அவன் எழுதியது. நிரல் எழுதும் எடிட்டரில் பொருத்திக்கொள்ளும் சின்னச் செருகுநிரல். வரிவரியாக அல்லாமல், பல வரிகளின் ஊடே மேலிருந்து கீழாக ஒரு நெடுக்குப் பட்டையை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். ஓர் எழுத்தை ஒரு முறை தட்டினால் எல்லா வரியிலும் விழும். முகம் தெரியாத எத்தனையோ பேர் அதை வைத்து வேலை பார்த்தார்கள். எடிட்டரின் புதிய பதிப்பு வந்ததும் உடைந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் செருகுநிரல் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவோம் என்று எடிட்டர் நிறுவனத்திடமிருந்து மெயில் வந்திருந்தது. பக்கவாதம் வலக்கையையும் பேச்சையும் கொண்டுபோன பிறகு, அவனுடையதென்று வெளியே ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. பசிக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். தலையசைப்பையும் நம்ப முடியவில்லை. ஆமாவும் இல்லையும் இடம் மாறி வந்தன.

"இந்த இடம்தானேண்ணா தப்பு?" செருகுநிரலின் உள்ளே இருந்த வரிகளைத் திறந்து ஒன்றைக் காட்டினாள்.

"சரி."

"இல்ல, இதுக்கு மேலயா?"

"சரி."

"ரெண்டுக்கும் சரின்னா நான் எதைத்தான் தொடறது?"

சமையலறையிலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள். "கட்டிக்கிட்ட நாள்லேருந்து இந்த மனுஷன் ஒரு தடவை சரின்னு சொல்ல மாட்டாரான்னு ஏங்கினேன். இப்பப் பாரு, வாய் ஓயல." சிரிக்கத்தான் சொன்னாள். பிறகு வெகுநேரம் பாத்திரச் சத்தமே கேட்கவில்லை.

அண்ணன் முழுதாகச் சொன்னபடி கேட்காத இடக்கையைத் தூக்கினான். விரல் திரையை நோக்கி வந்து, அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. அவனுக்குத் தெரிந்திருந்தது. அது மட்டும் அவளுக்கு நிச்சயம். மாலை வகுப்பில் சில மாதங்கள் படித்ததை வைத்துக்கொண்டு, மேல் வரியை மாற்றினாள். பட்டை இறங்கவே மறுத்தது. பழையபடி ஆக்கிவிட்டுக் கீழ் வரியை மாற்றினாள், எடிட்டரே மூடிக்கொண்டது. மாற்றியதையெல்லாம் ஒழுங்காகக் குறித்துவைத்திருந்தாள். அந்த ஒழுங்கைப் பார்க்கத்தான் அவளுக்கே எரிச்சலாக வந்தது.

"எனக்கு வரலண்ணா. இருக்கறதையும் கெடுத்துடுவேன் போல."

"சரி," என்றான். கண் கலங்கியிருந்தது.

எடிட்டரைத் திறந்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாள். பிறகு என்ன தோன்றியதோ, சோதனைக்கு வைத்திருந்த பக்கத்திலிருந்து குட்டை வரிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். மறுபடி இழுத்தாள். பட்டை ஒடியாமல் அடிவரை இறங்கியது. ஒவ்வொரு வரியிலும் ஒரு கர்சர், எல்லாம் ஒன்றாகச் சிமிட்டின.

"பாருண்ணா, நேரா நிக்குது."

அவன் இடக்கை மெல்ல ஊர்ந்து விசைப்பலகைக்கு வந்தது. ஒரு விசையை அழுத்தினான். எல்லா வரியிலும் ஒரே எழுத்து விழுந்தது. விரலை எடுக்க முயன்றான், அது எழவில்லை. அவள் பிடித்துத் தூக்கவில்லை. அந்த ஒற்றை எழுத்து வரிசை வரிசையாகப் பெருகி, திரையின் வலது ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.