ஏழாவது பரிசு: ஈரமானி

1

இது கதையாகப் பிறக்கவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பத்திரிகை தோட்டச் சிறப்பிதழ் போடப்போகிறது. வீட்டில் ஆசையாகச் செடி வளர்ப்பவர்களுக்கு என்னென்ன பரிசு கொடுக்கலாம் என்று பத்துப் பொருள்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். பொறுப்பாசிரியர் அம்மா போனில் சொன்னது இவ்வளவுதான்: “சிரிச்ச முகமா எழுதுங்க சார். படிச்ச உடனே கடைக்குப் போகணும்னு தோணணும்.”

ஆறு பொருள்வரை நல்ல பிள்ளையாக எழுதினேன். பூவாளி வாங்கினால் அதன் தலையைக் கழற்றிக் கழுவ முடிகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் துளை அடைத்துக்கொண்டு உயிரை வாங்கும். கிளை வெட்டும் கத்தரியில் இரண்டு அலகும் உரசிக்கொண்டு போகிற வகைதான் பச்சைக் கிளைக்கு நல்லது, மற்றது நசுக்கிவிடும். முட்டிக்கு அடியில் போட்டுக்கொள்ளும் திண்டைத் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் “உங்க வயசுக்கு” என்று ஆரம்பிக்காதீர்கள். இப்படியே போயிற்று.

ஏழாவது, ஈரமானி. ஒரு முள்ளை மண்ணில் குத்தினால் மேலே இருக்கிற வட்டத்தில் ஊசி நகர்ந்து, மண் காய்ந்திருக்கிறதா, ஈரமா, சேறா என்று காட்டும். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தேன்: ‘விரலை மண்ணில் விட்டு ஈரம் பார்க்கத் தெரிந்தவருக்கு இது தேவையே இல்லை. தெரியாதவருக்கு இதைவிட நல்ல பரிசு கிடையாது. ஆனால், தெரிந்திருந்து, பிறகு’

பிறகு என்ன? அங்கேயே கை நின்றுவிட்டது. வாயை மூடிக்கொண்டு எட்டாவது பொருளுக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘அந்த ரோஜாத் தொட்டிகளைப் பார்த்தபோது அவருக்கு’ [வேண்டாம். செடியைப் பார்த்துக் கலங்குகிற ஆளை யார் நம்புவார்கள்?]

இரண்டாவது தொடக்கம்: ‘அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.’ [இது பொய். இந்தக் கதை முழுக்க அவள் ஒரு பொய்யைத்தான் தூக்கிக்கொண்டு நடக்கிறாள்.]

சரி, ஆட்களை நேராகவே அறிமுகப்படுத்திவிடுகிறேன். இரண்டே பேர்தான், புருஷன் பெண்டாட்டி.

அவள் ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பவள். “எறும்பு கடிச்ச மாதிரிதான்டா கண்ணு இருக்கும்” என்று சொல்லிச் சொல்லியே அங்கே அவளுக்கு எறும்பக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. குழந்தையின் கையில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது. கொழுகொழுவென்று இருக்கிற கையில் இடது விரல் நுனியை வைத்து, அழுத்தி, எங்கே மெத்தென்று எழும்புகிறது என்று தேடிப் பிடிக்கவேண்டும். மற்றவர்கள் தடவித் தடவிப் பார்த்துவிட்டுக் கடைசியில் இவளைத்தான் கூப்பிடுவார்கள். முதல் குத்திலேயே எடுத்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, என்ன கெட்டுப்போயிற்று?

வீட்டில் அதே விரல் மண்ணுக்குள் போகும். மாடி முழுக்கத் தொட்டிகள். வலது கையில் பூவாளி, இடது கை விரல் மண்ணில். விரலுக்கு ஈரம் பட்டால் அடுத்த தொட்டி, படாவிட்டால் தண்ணீர். தோட்டச் சாமான் எதை வாங்கிக்கொண்டு போனாலும் “காசைக் கரியாக்காதீங்க” என்று ஒரு பாட்டு விழும். தானாகத் தண்ணீர் விடும் குழாயைப் புருஷன் வாங்கி வந்தபோது, “அப்ப நான் எதுக்கு? என்னையும் ஒரு மூலையில கழட்டி வைங்க” என்றாளாம்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்.*

* முதல் வரைவில் அவர் வங்கியில் இருந்தார். ஆனால் எனக்கு ஒன்றைச் சட்டென்று மோப்பம் பிடிக்கிற ஆள் தேவைப்பட்டது. அதனால் இரண்டாம் வரைவில் கடை திறந்து கொடுத்தேன். இன்னொன்று: புருஷனுக்கு ‘அவர்’, பெண்டாட்டிக்கு ‘அவள்’ போடுகிறாயே, இது நியாயமா என்று கேட்கப்போகிறீர்கள். நியாயமில்லைதான். இரண்டு பேருக்கும் ‘அவர்’ போட்டால் எது யார் விரல் என்று தெரியாமல் போய்விடும். இந்தக் கதையில் அந்தக் குழப்பம் மட்டும் வரக்கூடாது.

3

இரண்டு ரோஜாச் செடிகள் அழுகிச் செத்தன. தண்ணீர் அதிகமாகி வேர் கறுத்துப்போயிருந்தது. அவள் கையில் செடி காய்ந்து செத்திருந்தால்கூட ஆச்சரியம்தான்; அழுகிச் சாவது அந்த வீட்டில் நடக்காத காரியம். வேலைக் களைப்பு, கவனம் சிதறுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். அவள் பிறந்தநாளுக்கு ஓர் ஈரமானியை வாங்கி, திட்டு வாங்கத் தயாராக ஒரு சிரிப்பையும் வைத்துக்கொண்டு நீட்டினார்.

“நல்லதாப் போச்சுங்க” என்றாள் அவள். அவ்வளவுதான். காசைப் பற்றிப் பேச்சே இல்லை. மாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து அதை மாட்டி வைத்தாள். மறுநாள் காலையிலிருந்து எல்லாத் தொட்டியிலும் அதைக் குத்திப் பார்த்தாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் தான் வாங்கிக் கொடுத்த ஒரு சாமான் பிடித்துவிட்டது! கடையில் அன்றைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

[இங்கே நிறுத்தியிருந்தால் சிறப்பிதழுக்குக் கச்சிதமாக இருந்திருக்கும்.]

அன்று பிற்பகல் ஒரு லாரி டிரைவர் கண் பரிசோதனைக்கு வந்தார். உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமாம். சுவரில் எழுத்துப் பலகைக்கு விளக்கைப் போடுவதற்குள்ளேயே அந்த ஆள் கடைசி வரியை மடமடவென்று ஒப்பித்துவிட்டார். முன்னால் போனவர் படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார். கடைக்காரருக்கு இது புதிதல்ல. கண் நன்றாகத் தெரிகிறவன் தயங்குவான், தப்பாகப் படிப்பான், “இருங்க, இன்னொரு தடவை” என்பான். தெரியாததை மறைக்கிறவனிடம்தான் அந்த வேகம் இருக்கும்.

டிரைவரைத் திருப்பி அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. ‘நல்லதாப் போச்சுங்க.’ அந்தப் பதிலும் அப்படித்தான் வேகமாக வந்தது. விரலுக்கு ஈரம் தெரியாததைத்தான் அவள் மறைக்கிறாளோ?

4

எனக்கு ஒரு சந்தேகம். விரல் மரத்துப்போன ஒருத்தி, அதிலும் இவ்வளவு நல்லவள், அதை மறைத்துக்கொண்டு குழந்தைகளுக்கு ஊசி குத்துவாளா? இந்தக் கேள்வியில் கதையைத் தூக்கி எறியப் பார்த்தேன். பிறகு தோன்றியது: நல்லவள் என்பதால்தான் மறைப்பாள். அவளை எடுத்துவிட்டால் அந்தக் குழந்தைகளை இரண்டு தடவை, மூன்று தடவை குத்துவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மறைப்பதற்கு அவளிடம் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைக்காரரும் பயந்துதான் போயிருந்தார். கேட்டால் ஒரே வார்த்தையில் இல்லை என்றுவிடுவாள். அதனால் கடையில் செய்வதையே வீட்டிலும் செய்தார். ஈரமானியை ஆணியிலிருந்து எடுத்து ஒளித்து வைத்தார். எலுமிச்சைத் தொட்டியில் சேறாகும்வரை தண்ணீர் விட்டார். தக்காளித் தொட்டிக்குத் தானே தண்ணீர் விட்டுவிட்டதாக முதல்நாளே அவளிடம் பொய் சொல்லிக் காயவிட்டிருந்தார். எல்லாத் தொட்டியிலும் மண் காயாமல் இருக்க அவள் சருகு பரப்பி வைப்பது வழக்கம், அதனால் கண்ணால் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

வேலைக்குக் கிளம்பி, தோள்பையோடு மாடிக்கு வந்தாள்.

“ஈரமானி எங்கங்க?”

“கீழ விழுந்து முள்ளு வளைஞ்சிடுச்சு. விரலால பாரேன். என்ன, மறந்துபோச்சா?”

சிரித்துக்கொண்டே சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

அவள் தக்காளித் தொட்டிக்கு முன்னால் குந்தினாள். சருகுக்குக் கீழே இடது கை ஆள்காட்டி விரலை விட்டாள். மண்ணைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவருக்குத் தெரியும் இது. கடையில் ‘இந்தக் கண்ணாடியில நல்லாத் தெரியுதா, அதுலயா’ என்று கேட்டால், தெரியாதவர்கள் கண்ணாடியை விட்டுவிட்டு அவர் முகத்தில்தான் பதிலைத் தேடுவார்கள். அவர் முகத்தைச் சுவர்போல வைத்துக்கொண்டார். பெண்டாட்டிக்கு முன்னால் முகத்தை அப்படி வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை, வலித்தது.

“ஈரமாத்தான் இருக்கு” என்றாள்.

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“இல்ல... கொஞ்சம் காஞ்சமாதிரியும் இருக்கு.”

“எத்தனை நாளா இப்படி?”

“என்ன எத்தனை நாளா? உங்க கடைக்கு வந்த ஆளா நான், நிக்க வெச்சு டெஸ்ட் பண்றீங்க?”

சண்டைக்குத்தான் எழுந்தாள். எழுந்தவள் விரலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள். மண் போன பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

*

(இந்த இடத்தில் பொறுப்பாசிரியர் அம்மாவின் போன். “சார், பத்து பரிசும் வந்துடுமில்ல?” ஏழில் நிற்கிறேன் என்றேன். “ஏழுல என்ன சார் பிரச்சினை?” ஓர் அக்காவுக்கு விரல் மரத்துவிட்டது என்றேன். “சரி, முடிவையாவது சந்தோஷமா வெச்சிடுங்க” என்று வைத்துவிட்டார்.)

5

“ரெண்டு விரல்தான்” என்றாள் அவள். கோபம் வடிந்துபோயிருந்தது. “ஆள்காட்டி விரலும் நடுவிரலும். மோதிர விரல் நல்லாத்தான் இருக்கு. இப்ப அதை வெச்சுத்தான் நரம்பு பாக்கறேன். ஒரு குழந்தையைக்கூட ரெண்டாவது தடவை குத்தினதில்லைங்க. நம்புங்க.”

“நம்பறேன். டாக்டர்கிட்ட காட்டலாம், வா.”

“காட்டினா? மறுநாளே என்னை ஃபைல் அடுக்கற ரூமுக்கு மாத்திடுவாங்க. அங்க போய் உக்காந்து நான் என்ன பண்றது? வார்டுல புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா, அவ குத்தறதைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. அந்தப் பிள்ளைங்க கத்தறது உங்களுக்குக் கேக்காது.”

“சரி. மோதிர விரலும் போச்சுன்னா?”

“போனா எனக்குத் தெரியாதா?”

அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. கேட்காமல் இருந்தால் அன்றைய காலை எப்படியாவது கடந்துபோயிருக்கும். கேட்டார்.

“மத்த ரெண்டு விரல் போனது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். ரோஜா இருந்த வெற்றுத் தொட்டிகள் இரண்டும் அங்கே கவிழ்ந்து கிடந்தன.

“ரோஜா அழுகினப்புறம்தான்” என்றாள்.

அதற்கு முன்னால் எத்தனை பிள்ளைகளின் கையை அந்த விரலால் தொட்டிருப்பாள் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

6

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) மருத்துவர் பார்க்கிறார், மணிக்கட்டில் சின்ன அறுவை, விரல் பழையபடி. [அடித்துவிட்டேன். நடக்காது என்பதால் அல்ல, நடக்கலாம். ஆனால் அவள் இன்னும் மாடியில் தோள்பையோடு நிற்கிறாள். இன்றைக்கு என்ன செய்வாள் என்பதற்கு இதில் பதில் இல்லை.]

(ஆ) அவள் கிளம்பியதும் அவர் வார்டின் தலைமை நர்ஸுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறார். [சரியான காரியம். எழுதியும் முடித்தேன். சாயங்காலம் அவள் வீட்டுக்குத் திரும்பி வருகிற காட்சியை மட்டும் எழுத முடியவில்லை. அவள் செருப்பைக் கழற்றுகிற இடத்தில் நிற்கிறது.]

(இ) ‘அந்தக் குழந்தையின் கை வீங்கி’ [இல்லை. என்னால் ஆகாது. வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும்.]

7

ஆக, மாடிக்கே திரும்பிவிட்டேன்.

“நீங்களே பாத்துடுங்க” என்கிறாள் அவள். இடது கையை நீட்டுகிறாள். “கண்ணை மூடிக்கறேன். மோதிர விரல் நுனியில லேசாத் தொடுங்க. எப்பத் தொடறீங்கன்னு நான் சொல்றேன். சரியாச் சொல்லிட்டேன்னா நான் டியூட்டிக்குப் போயிடுவேன், நீங்க இதைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. சொல்லலைன்னா...”

“சொல்லலைன்னா?”

“நானே போய் எழுதிக் கொடுத்துடறேன். சத்தியமா.”

கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். தக்காளிச் செடியிலிருந்து ஒரு சின்ன இலையை அவர் கிள்ளுகிறார். அவருடைய கைகளைப் பாருங்கள். கண்ணாடிச் சட்டத்தில் கடுகளவு திருகாணியை முடுக்குகிற கை, இலையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறது.

அவள் சரியாகச் சொல்லவேண்டும் என்றுதான் அவருக்கு ஆசை. எனக்கும் அதே ஆசைதான், மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் சரியாகச் சொல்லிவிட்டால் அவள் இன்றைக்குப் போவாள், நாளைக்கும் போவாள், அந்த விரலும் போகிற நாளில் அவளுக்குத் தெரியாது. வீட்டில் ஈரமானியைப் பார்த்துத்தான் தண்ணீர் விடுகிறாள், அதனால் செடி செத்துக்கூட இனி அவளுக்குச் சொல்லாது. தவறாகச் சொன்னாலோ அவள் உடைந்துபோவாள், குழந்தைகள் தப்பிக்கும். பொறுப்பாசிரியர் அம்மா கேட்ட சந்தோஷமான முடிவு இந்த இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வரியையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் அவள் “இப்ப” என்கிறாள். இன்னொன்றில் “தொடுங்களேன், நேரமாகுது” என்கிறாள்.

எதை வைப்பது என்று நீங்கள் சொல்லுங்கள். நான் இதற்குமேல் தொடமாட்டேன்.

சீக்கிரம் சொல்லுங்கள். இலை நுனி அவள் விரலில் பட்டாயிற்று.