மகளிர் அணி

ஏழாம் வகுப்பில் பையன்கள் பத்தொன்பது, பெண் ஒன்று. கூட இருந்த இரண்டு பெண்களும் விடுமுறையோடு பெரிய பள்ளிக்கு மாறிப் போய்விட்டார்கள். மிஞ்சியவளுக்குப் பையன்கள் வைத்த பெயர் ‘மகளிர் அணி’.

விளையாட்டு ஆசிரியர் பழக்க தோஷத்தில், “பொண்ணுங்க எல்லாம் இந்தப் பக்கம்” என்பார். அந்த ‘எல்லாம்’ எழுந்து போய் நிற்கும். சுவரில் பந்தை எறிவாள், சுவர் திருப்பித் தரும். சுவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை, பேச்சுத்தான் கொடுக்காது.

ஒருநாள் அலுவலக ஜன்னலிலிருந்து எழுத்தர் அக்கா கூப்பிட்டாள். “உன் கிளாஸுக்கு ஒரு பொண்ணு சேர வருது. நாளைக்கு ஸ்கூலைப் பாக்க அம்மாவோட வராங்க.”

அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பை, சாப்பாட்டு டப்பா, குடை என்று பெஞ்சு முழுக்கக் கடை பரப்பி வைத்திருந்தவள், எல்லாவற்றையும் தன் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டாள். மறுபாதியை ஈரத்துணியால் துடைத்தாள். பேனா மைக்கறையை விரல் வலிக்கத் தேய்த்தாள்.

மறுநாள் தலைமை ஆசிரியை முன்னே வர, பின்னால் அம்மாவும் மகளும் வந்தார்கள். புதியவள் அந்தப் பாதி பெஞ்சைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். இவள் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அம்மாவின் கண்ணும் அங்கேதான் போயிற்று. “இந்த இடம் ஏன் காலியா இருக்கு? மத்த பொண்ணுங்க வரலியா?”

தலைமை ஆசிரியை மென்று விழுங்கினார். “இப்போதைக்கு இந்த ஒரு பொண்ணுதாம்மா.”

“ஒருத்திதானா? நாலு பொண்ணுங்க இருந்தா யோசிக்காம சேத்திருப்பேன். தனியா என் பொண்ணு என்ன பண்ணுவா?”

தனியா இல்ல ஆன்ட்டி, நான் இருக்கேன். சொல்வதற்காக இவள் எழுந்தாள், அதற்குள் அம்மா திரும்பி நடந்துவிட்டாள். புதியவள் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அம்மாவோடு போனாள்.

பையை அப்படியே பரப்பி வைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்களே என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

மதியம் எழுத்தர் அக்கா வகுப்பு ஜன்னலருகே வந்தாள். “வேற ஸ்கூல்ல சேத்துட்டாங்களாம். மனசுல வச்சுக்காதம்மா.”

“அவங்க ஒரு துணைதான தேடினாங்க?” என்றாள் அவள். “நானும் அதத்தான்க்கா தேடினேன்.”

மைதானத்திலிருந்து ஆசிரியரின் குரல் வந்தது: “பொண்ணுங்க எல்லாம் இந்தப் பக்கம்.”

அவள் போனாள்.