தாள் ஊரில் அ-வும் ஆ-வும்

பதினாறு வருஷமாக ஒரு வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்து மனு டைப் அடித்தவள், சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் சட்டப் பகுதியில்தான் கோட்டை விட்டாள் என்றால் நம்புவீர்களா? கணக்கில் தேறிவிட்டாள். பொது அறிவில் தேறிவிட்டாள். மொழிப் பகுதியில் கேட்கவே வேண்டாம், எழுத்துப் பிழை எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சட்டத்தில் மட்டும் நாற்பதுக்குப் பதினொன்று. போன வருஷத்துக் கதை அது.

இந்த வருஷம் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். மாலை நேர வகுப்புக்குக்கூட அதற்கப்புறம் விண்ணப்பம் வாங்க மாட்டார்கள். ஆக, இதுதான் கடைசி.

வீட்டில் மூன்றே பேர். அவள், அவள் புருஷன், புருஷனுடைய அக்கா. புருஷன் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். விடிவதற்குள் போய்விட்டு மத்தியானம் திரும்பி, ஒரு தூக்கம் போட்டு, சாயங்காலம் முகம் கழுவி உட்கார்ந்தால் காதோரம் மாவு மட்டும் அப்படியே இருக்கும். நாத்தனாருக்குப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற உத்தியோகம். இருபத்தைந்து வருஷத்தில் ஒரு நாள்கூட ஒரு நிமிஷம் முன்னே பின்னே அடித்ததில்லை. அதனால் தெருவுக்கே அவள் மணியக்கா.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு மாதிரித் தேர்வு தொடங்கும். நேரம் பார்ப்பது மணியக்கா பொறுப்பு. மணிக்குப் பதிலாக ஒரு தட்டும் கரண்டியும் எடுத்து வைத்துக்கொள்வாள்.

"நூத்திருபது கேள்வி, ரெண்டு மணி நேரம். கேள்விக்கு ஒரு நிமிஷம். யோசிக்கிறதெல்லாம் இப்பவே யோசிச்சுக்கோ, கரண்டி விழுந்தா நான் மனுஷி இல்லை, சொல்லிட்டேன்."

"ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன், அண்ணி."

"மணி அடிச்சப்புறம் தண்ணி குடிச்ச பிள்ளைங்களைப் பத்தி எங்க ஹெட்மாஸ்டர் என்ன சொல்லுவார் தெரியுமா?"

தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் கரண்டி விழுந்துவிடும்.

அன்றைக்கு இரண்டு மணி நேரம் முடிந்ததும், புருஷன்தான் விடைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சரிபார்த்தார். எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் நீதிபதி மாதிரிதான் இருப்பார்.

"எண்பத்து மூணாவது கேள்வி தப்புன்னு போட்டிருக்கு" என்றார் தயங்கியபடி.

"படிங்க."

அவர் விரலை வைத்து வாசித்தார். "கோட்பாடு: ஒருவருடைய பொருளை உடைத்தவர், தெரியாமல் உடைத்திருந்தாலும் அதற்கு ஈடு செய்ய வேண்டும். உண்மைகள்: அ என்பவர் பந்து விளையாடும்போது ஆ என்பவருடைய ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டார். அ ஈடு செய்ய வேண்டுமா? நீ 'வேண்டாம்'னு குறிச்சிருக்கே."

"வேண்டாம்தான். யார் பார்த்தது? சாட்சி உண்டா?"

"தாள்லதான் போட்டிருக்கே, உடைச்சான்னு."

"தாள்ல போட்டா ஆச்சா? நாங்க தினமும் தாள்ல போடறோங்க. காலையில உடைச்சான்னு போடுவோம், சாயங்காலம் வேற கட்சிக்காரர் வந்தா உடைக்கவே இல்லைன்னும் போடுவோம். இந்தக் கேஸ் நாலு வருஷம் இழுக்கும். அதுக்குள்ள ஆ வீட்டையே வித்துட்டுப் போயிடுவார்."

மணியக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "தம்பி, நீ பதில் சொல்லிப் பாரேன்டா."

அவர் சொன்னார். ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, மேலே உள்ள கோட்பாட்டைப் பார்த்து, கீழே உள்ள விஷயத்தைப் பார்த்து, ரொட்டிக்கு மாவு எடுக்கிற மாதிரி நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். நாற்பதுக்கு முப்பத்தாறு சரி.

அவள் முகம் சுருங்கிவிட்டது. எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள்.

அவர் பின்னாலேயே போய்த் துண்டை எடுத்துத் துடைக்க நின்றார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறதாலதான் சரியா வந்துது. உனக்கு நிறையத் தெரியுது, அது குறுக்கே வருது."

"தெரிஞ்சதை வச்சுக்கிட்டுப் பேசாம இருன்னு சொல்ற இடத்துலதான் பதினாறு வருஷமா உட்கார்ந்திருக்கேன்" என்றாள் அவள், குழாயைப் பார்த்துக்கொண்டே. "இந்தப் பரீட்சையும் அதையேதான் சொல்லுது."

அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடிகாரம் ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவர் அந்த ஆபீஸுக்கு வந்தார். கடையைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. உத்தரவு கைக்கு வந்து முப்பது நாளுக்குள் மேல்முறையீடு போட வேண்டும். வக்கீல் கைப்பட எழுதித் தந்த வரைவில், உத்தரவு வந்த தேதியை ஒரு மாதம் முன்னதாக எழுதிவிட்டார். இணைத்திருந்த தபால் ரசீதில் சரியான தேதி இருந்தது. டைப் அடிக்கும்போதே அவள் பார்த்துவிட்டாள். எழுந்துபோய்ச் சொன்னாள்.

"டைப் அடிக்கிறது உன் வேலை, படிக்கிறது என் வேலை" என்றார் வக்கீல், தலையை நிமிர்த்தாமல்.

அவள் திரும்பி வந்து டைப் அடித்தாள். காலம் கடந்த மனு என்று அது தள்ளுபடியானது. கடை போனது. பெரியவர் தன் காகிதங்களைத் திரும்ப வாங்க வந்தபோது அவளிடம் கேட்டார்: "நீங்கதானேம்மா டைப் அடிச்சீங்க? எழுத்தெல்லாம் எவ்வளவு சுத்தமா இருக்கு!" திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்த நல்ல வார்த்தைதான் இன்றைக்கும் முள்ளாகக் குத்துகிறது. அதற்கு அடுத்த மாதம்தான் முதன்முதலாக நுழைவுத் தேர்வு விண்ணப்பம் வாங்கினாள்.

மறுநாள் சாயங்காலம் புருஷன் ஒரு யோசனையோடு வந்தார்.

"இந்தத் தாளை ஒரு ஊர்னு வச்சுக்கோ. தாள் ஊர். அங்க உனக்குச் சொந்தம் பந்தம் கிடையாது, உங்க வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது. வாசல்லயே போர்டு போட்டிருக்கான், இந்த ஊர் சட்டம் இதுதான்னு. உள்ள போறோம், போர்டுல இருக்கிறபடி நடக்கிறோம், வெளிய வந்துடறோம்."

"அந்த ஊர்ல யாரு இருக்கா?" என்றாள் மணியக்கா.

"அ இருக்கான், ஆ இருக்கார். அடுத்தடுத்த வீடு."

அன்றிலிருந்து தாள் ஊர்க்காரர்கள் வீட்டு மனிதர்களாகிவிட்டார்கள். அ ஒரு நாள் ஆ-வின் சைக்கிளைச் சொல்லாமல் எடுத்துப் போனான். ஒரு நாள் ஆ-வுக்கு வீடு வாடகைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வேறொருவருக்குக் கொடுத்தான். ஒரு நாள் அ-வின் நாய் கடித்தது, மறுநாள் அ-வின் மரம் விழுந்தது.

"பாவம் இந்த ஆ. வீட்டை மாத்தக் கூடாதா?" என்பார் புருஷன்.

"அ-வை வளர்த்தவங்களைச் சொல்லணும்" என்பாள் மணியக்கா. "எங்க ஸ்கூல்ல ஒருத்தன் இருந்தான், அச்சு அசல் இவனேதான்."

"போர்டுல என்ன போட்டிருக்கு, அதைப் பாருங்க" என்று இப்போது அவளே அதட்டுவாள். கரண்டி விழும். பதினொன்று பத்தொன்பதாகி, இருபத்தாறாகி, முப்பத்து மூன்று வரைக்கும் ஏறியது.

தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. அன்றைக்கு அவள் மேஜைக்கு வந்தபோது புத்தகத்தின் மேல் ஒரு கேக் பெட்டியின் மூடி கிடந்தது. உள்பக்கத்து வெள்ளை அட்டையில், புருஷனின் குண்டு எழுத்தில், ஒரு கேள்வி.

*கோட்பாடு: தப்பைப் பார்த்து, அதைச் சொல்லியும் விட்டவர் மேல் குற்றம் இல்லை. உண்மைகள்: அ என்பவள் டைப்பிஸ்ட். ஒரு தேதி தப்பாக இருந்ததைப் பார்த்தாள். வக்கீலிடம் சொன்னாள். அவர் கேட்கவில்லை. அ மேல் குற்றம் உண்டா? 1. உண்டு. 2. இல்லை.*

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். மணியக்கா கரண்டியை எடுக்கவே இல்லை.

"பதில் குறி" என்றார் அவர் மெதுவாக.

"எத்தனை தடவை சொல்லணும்னு கோட்பாட்டுல போடலையே நீங்க" என்றாள் அவள். "நான் ஒரு தடவைதான் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பார்? கத்தியிருப்பார். அவ்வளவுதானே?"

அவர் காதோரத்து மாவைச் சொறிந்துகொண்டார். அவள் மூடியை எடுத்துப் பத்திரமாக அலமாரியில், புடவைகளுக்கு அடியில் வைத்தாள். பதில் குறிக்கவில்லை.

தேர்வு நாளன்று மூன்று பேரும் போனார்கள். இரண்டு பேர் வெளியே மர நிழல் பெஞ்சில். உள்ளே நீண்ட அறை, வரிசை வரிசையாக மேஜை. பக்கத்து மேஜையில் உட்கார்ந்த பெண் அவளைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து எழுந்து நின்றாள். "உட்காரும்மா, நானும் உன்னை மாதிரிதான்" என்றாள் இவள்.

மணி அடித்தது. அரை நிமிஷம் தாமதம். மணியக்கா கேட்டிருந்தால் என்ன பேசியிருப்பாள் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது, பயம் கொஞ்சம் விட்டது.

கணக்கு போயிற்று, மொழி போயிற்று. சட்டப் பகுதிக்கு வந்தாள். தாள் ஊருக்குள் நுழைந்தாள். அ இங்கேயும் வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தான், ஆ இங்கேயும் பொறுத்துக்கொண்டிருந்தார். போர்டைப் படித்து, குறித்து, போர்டைப் படித்து, குறித்து, தொண்ணூற்றெட்டாவது கேள்விக்கு வந்தபோது கை நின்றது.

மேலே பத்தியில், அ தன் புகாரை மார்ச் பன்னிரண்டு அன்று கொடுத்தான் என்று இருந்தது. கீழே கேள்வியில், 'மே பன்னிரண்டு அன்று கொடுத்த புகார் செல்லுமா?' என்று இருந்தது. மார்ச் என்றால் கெடுவுக்குள் வரும், செல்லும். மே என்றால் கெடு தாண்டிவிடும், செல்லாது. போர்டிலேயே இரண்டு விதமாக எழுதியிருந்தால் அந்த ஊரில் எப்படி நடப்பது?

வேகமாகப் படிக்கிறவர்களுக்கு அது கண்ணில் படாது. இவளுக்குப் பட்டது. கையைத் தூக்கினாள்.

கண்காணிப்பாளர் வந்தார், இளவயதுக்காரர். "கேள்வித்தாளைப் பத்தி எதுவும் பேசக் கூடாதும்மா. தெரிஞ்சதை எழுதுங்க."

அவள் உட்கார்ந்தாள். அடுத்த கேள்வி. அதற்கடுத்த கேள்வி. எழுத்து கண்ணில் ஏறவில்லை. 'எழுத்தெல்லாம் எவ்வளவு சுத்தமா இருக்கு' என்றது ஒரு குரல். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடியும் கை தூக்கினால் அந்த நிமிஷங்கள் திரும்பி வராது. இது கடைசி வருஷம்.

தூக்கினாள். இந்தத் தடவை எழுந்தும் நின்றுவிட்டாள்.

"சார், நான் பதில் கேக்கலை. மேல ஒரு தேதி, கீழ ஒரு தேதி. அச்சுப் பிழை. நான் பதினாறு வருஷமா இந்த வேலைதான் பார்க்கிறேன். நீங்க பெரியவங்க யாரையாவது கூப்பிடுங்க. எல்லாருக்கும்தானே தப்பாப் போகும்?"

அறை முழுக்கத் தலைகள் திரும்பின. காது சிவக்க நின்றாள். கண்காணிப்பாளர் தாளை வாங்கிப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மறுபடியும் மேலே பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வெளியே போனார். பெரியவர் ஒருவரோடு திரும்பி வந்தார். கரும்பலகையில் எழுதினார்கள்: *98-ஆம் கேள்வியில் 'மே' என்பதை 'மார்ச்' என்று படிக்கவும்.* பக்கத்து அறையிலும் யாரோ அதையே வாசிப்பது கேட்டது. அதற்கடுத்த அறையிலும்.

கடைசி மணி அடித்தபோது ஆறு கேள்வி பாக்கி இருந்தது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். "ஆறு கேள்வி போச்சுங்க" என்று முடித்தாள்.

மணியக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஆறு கேள்வியைத் தண்ணில விட்டுட்டு ஊருக்கு உபகாரம் பண்ணிட்டு வந்திருக்கா! கேள்விக்கு ஒரு நிமிஷம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்றாள். சொல்லிவிட்டு, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "எத்தனை தடவை கை தூக்கினே?"

"ரெண்டு."

புருஷன் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பென்சில் பிடித்து மரத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார், மாவு பிசைகிற கையால்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றின கையோடு அலமாரியைத் திறந்தாள். புடவைக்கு அடியிலிருந்து மூடியை எடுத்து, மேஜையில் வைத்து, பென்சிலால் 'இல்லை' என்ற இரண்டாவது விடையைக் குறித்தாள். அழுத்திக் குறித்ததில் முனை உடைந்தது.

"கோட்பாட்டுல எத்தனை தடவைன்னு போடலைன்னியே?" என்றார் அவர்.

"போர்டுல இருக்கிறபடி நடக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.

தேர்வானவர்களின் முதல் பட்டியலில் அவள் எண் இல்லை. அடுத்த பட்டியலுக்குக் காத்திருந்த பன்னிரண்டு நாளும் வீட்டில் யாரும் அ-வைப் பற்றியோ ஆ-வைப் பற்றியோ பேசவில்லை. இரண்டாவது பட்டியல் வந்த அன்று, புருஷன் பேக்கரி ஏப்ரனோடேயே அறிவிப்புப் பலகைக்கு முன்னால் போய் நின்றார். கீழிருந்து எண்ணிக்கொண்டு போனால் நாலாவது எண் அவளுடையது. மேலிருந்து தேடாமல் கீழிருந்து தேடினதற்காக மணியக்கா அவரைத் திட்டினாள்.

"கீழதானே சீக்கிரம் கிடைச்சுது" என்றார் அவர்.

மாலை வகுப்பு ஆறு மணிக்கு. வக்கீலிடம் ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும் என்று அவளே போய்ச் சொன்னாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை. அவள் நின்ற இடத்திலேயே நின்று இன்னொரு தடவை சொன்னாள். நிமிர்ந்தார்.

முதல் நாள் வகுப்பு முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது இரண்டு பேரும் மேஜையில் காத்திருந்தார்கள். மணியக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். புருஷன் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரை விசாரிக்கிற குரலில் கேட்டார்:

"அ எப்படி இருக்கான்? திருந்திட்டானா?"

"எங்கேங்க?" என்றாள் அவள், பையை இறக்கிவைத்தபடி. "இன்னைக்கு ஆ-வோட கிணத்தை மூடிட்டான்."

"அடப்பாவி" என்றாள் மணியக்கா. "உட்காரு, முதல்லேருந்து சொல்லு."