முந்நூறு கஜம்

1978ஆம் வருடம் பிப்ரவரியிலிருந்து தில்லி லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குடியிருப்பில் மாசிலாமணியின் வீட்டுக்குள், அவருக்கும் அவர் மனைவி லீலாவதிக்கும் நடுவே முந்நூறு கஜ தூரம் இருந்தது. வீடு என்னவோ இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட சின்ன வீடுதான். பக்கத்து வீட்டு வைதேஹி மாமி வாசலில் செருப்பை விட்டால் நாலே எட்டில் சமையலறைக்குப் போய்விடுவார். மாசிலாமணி போவதென்றால் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிற நேரம் ஆகும். காலனியில் இதைப் பற்றிக் கொஞ்ச நாள் பேசினார்கள். அப்புறம் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போகவே அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

எல்லாம் துப்பாக்கி மேல் பொருத்துகிற ஒரு ஸ்கோப்பால் வந்தது. ஆரணிப் பக்கத்துக்காரரான மாசிலாமணி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அசிஸ்டென்ட். கல்லூரி நாளில் என்.சி.சி.யில் பிடித்த துப்பாக்கியை விட மனசில்லாமல், தில்லிக்கு வந்ததும் ஒரு ரைபிள் கிளப்பில் சேர்ந்தார். ஐம்பது கஜத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் கிளப்பில் மதிப்பெல்லாம் முந்நூறு கஜத்துக்குத்தான். வயது ஐம்பதை நெருங்கியபோது அந்தத் தூரத்தில் இலக்குப் பலகை அவர் கண்ணுக்குத் தபால்தலை அளவுக்குத் தெரிந்தது. வருடாந்திரப் போட்டியில் ஸ்கோப் வைத்துச் சுட அனுமதி உண்டு என்பதால், அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் காஷ்மீரி கேட் துப்பாக்கிக் கடைகளை ஏறி இறங்கினார்.

ஜெர்மன்காரன் ஸ்கோப்பை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்து, விலையைக் கேட்டுவிட்டு, பத்திரமாகத் திருப்பி வைத்தார். அடுத்து ஜப்பான்காரன் செய்தது ஒன்று. நாலு மடங்குதான் பெரிதாகக் காட்டும். ஆனால் எத்தனை குண்டு உதைத்தாலும் குறுக்குக்கோடு இருந்த இடத்தை விட்டு அசையாது என்றார் கடைக்கார சர்தார்ஜி. வாங்கினால் ஃப்ரிஜ்ஜுக்குச் சேர்த்த பணம் போய்விடும். இந்தச் சமயத்தில்தான் சாணக்யபுரியில் ஒரு தூதரக அதிகாரி ஊருக்குத் திரும்புகிறார், வீட்டுச் சாமான்களை விற்கிறார் என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்தால், டேப் ரெக்கார்டருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவே பன்னிரண்டு மடங்கு காட்டும் ஸ்கோப் ஒன்று கிடந்தது. கம்பெனிப் பெயர் இல்லை. விலை, ஜப்பான் ஸ்கோப்பின் விலையில் கால்வாசி.

"ஏங்க, அந்த ஜப்பான்காரனுதையே வாங்கிடுங்களேன்," என்றாள் லீலாவதி. "ஃப்ரிஜ் அடுத்த வருசம் பாத்துக்கலாம். இந்த வெள்ளக்காரன் ப்ளேன் ஏறிட்டான்னா, ஒரு கோளாறுன்னு யாருகிட்ட போயி நிப்பீங்க?"

"பன்னெண்டு மடங்கு லீலா! உனுக்கு இன்னா தெரியும்?" என்றார் அவர். மலிவாக வாங்கி வந்ததை நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதில் அவருக்கு எப்போதும் ஒரு கர்வம் இருந்தது. சாணக்யபுரி ஸ்கோப்பையே வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் பால்கனியில் நின்று காலனிக் கோடியிலிருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். தொட்டியின் ஏணிப்படியில் துரு பிடித்திருந்தது வரை தெரிந்தது. ஸ்கோப்பை இறக்கியபோது தொட்டி எதிர்த்த பிளாக்கை ஒட்டி நின்றுகொண்டிருந்தது. மறுநாள் இன்ஜினியர்கள் வந்து அளந்து, தொட்டி இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். மாடி வீடுகளுக்குத் தண்ணீர் நன்றாக ஏறியதால் யாரும் மேற்கொண்டு புகார் செய்யவில்லை. கொடுத்த காசுக்கு மேலேயே வேலை செய்கிறது என்று மாசிலாமணி சந்தோஷப்பட்டார்.

போட்டியன்று அவர் குப்புறப் படுத்து ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். முந்நூறு கஜத்திலிருந்த இலக்குப் பலகை மண்ணைக் கிளப்பிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே வந்து, துப்பாக்கி முனைக்கு எதிரே நின்றது. நடுவராக இருந்த ஓய்வுபெற்ற கர்னல் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். மூக்குக்கு நேரே நிற்கும் பலகையைச் சுடுவதற்கு முந்நூறு கஜப் போட்டியில் பரிசு கொடுக்க வழியில்லை என்று சொல்லி மாசிலாமணியை நீக்கிவிட்டார். பின்னாலிருந்து சிலர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைக் காதில் வைத்துக்கொண்டுதான் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். ஸ்கோப்பைத் துப்பாக்கியிலிருந்து கழற்றிக்கொண்டிருக்கும்போது லீலாவதி சமையலறை வாசலில் வந்து நின்று, "நான் அப்பவே சொன்னேன்," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவருக்குச் சுருக்கென்றது. ஸ்கோப்பை முன்பின்னாகத் திருப்பி, பெரிய கண்ணாடியைக் கண்ணில் வைத்து அவளைப் பார்த்தார். "இதோ, நீ பேசற பேச்சு எனக்கு இவ்ளோ தூரத்துல கேக்குது, போதுமா?" என்றார். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவர் ஸ்கோப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார். அந்த நேரத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால், சரியான பக்கம் கண்ணை வைத்து அவளைத் திரும்பக் கொண்டுவந்திருக்கலாம் என்று பிற்பாடு அவர் நினைக்காத நாளில்லை.

பஸ்ஸில் போகும்போதே கோபம் இறங்கிவிட்டது. அவள் சொன்னதில் என்ன தப்பு என்று தோன்றியது. காஷ்மீரி கேட்டில் இறங்கி, சாணக்யபுரி ஸ்கோப்பை சர்தார்ஜியிடம் தள்ளிவிட்டு, ஃப்ரிஜ் பணத்தைப் போட்டு, அவள் சொன்ன ஜப்பான் ஸ்கோப்பையே வாங்கினார். அவளிடம் காட்ட வேண்டுமென்று வீடு வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கதவைத் திறந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் லீலாவதி எங்கோ தூரத்தில், தீப்பெட்டிப் படம் அளவுக்குச் சின்னதாக நின்றுகொண்டிருந்தாள். "லீலா!" என்று கத்தினார். சற்றுப் பொறுத்து, மெலிசாக, "ஏங்க, எங்க இருக்கீங்க?" என்று குரல் வந்தது. மறுநாள் கடைக்கு ஓடினார். அந்த ஸ்கோப்பை உத்தரப்பிரதேசத்து எட்டாவாப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் காலையிலேயே வாங்கிப் போய்விட்டார் என்றார் சர்தார்ஜி. ஆளின் பேர் தெரியவில்லை.

டிஸ்பென்சரி டாக்டர் இருவரையும் பரிசோதித்துவிட்டு விட்டமின் மாத்திரை எழுதிக்கொடுத்தார். பெரிய வீடு கேட்டு விண்ணப்பித்ததற்கு, வீட்டுக்குள் இருக்கும் தூரம் தகுதியாகாது என்று பதில் வந்தது. முதலில் வெட்கத்தினால் அவர் அவளிடம் நடந்து போகவில்லை. போய் என்ன சொல்வது? அப்புறம் அதுவே பழகிவிட்டது. சாயங்காலம் ஜப்பான் ஸ்கோப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். நல்ல ஸ்கோப். எதையும் இடம் மாற்றாமல், இருப்பதை இருக்கிறபடி காட்டியது. அவள் அரிசியில் கல் பொறுக்குவது, காதோரம் நரைத்தது, தனக்குத்தானே ஏதோ பேசிக்கொள்வது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஆசிய விளையாட்டு வந்தது, ஊரெல்லாம் கலர் டி.வி. வந்தது, சாலைகள் அகலமாயின. காலையில் கண் விழித்தால் ஸ்டூலின் மேல் காபி இருக்கும். ஆறியிருக்கும். "காபி ஆறிப்போச்சு!" என்று சமையலறைப் பக்கமாகக் கத்துவார்.

1986இல் ஒருநாள் காலை ஸ்டூலின் மேல் காபி இல்லை. ஸ்கோப்பை எடுத்துப் பார்த்தார். லீலாவதி சமையலறைத் தரையில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்கோப்பைப் போட்டுவிட்டு ஓடினார். பாதியில் மூச்சு வாங்கியது. நின்று, மறுபடி ஓடினார். பக்கத்தில் போய் உட்கார்ந்தபோதுதான் அவள் மேல் வரும் மஞ்சள் வாசனை அவருக்கு நினைவு வந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது. குதிகால் இரண்டும் வயல்வேலை செய்தவள் கால் போல வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

"நாலு நிமிசம்கூட ஆவல லீலா. இவ்ளோ கிட்டன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

"எனக்குத் தெரியும்ங்க. தெனம் காபி எடுத்துகினு வந்துகினுதான இருந்தேன். மூடி போட்டு எடுத்தாந்தாலும் வர்றதுக்குள்ள ஆறிப்பூடுது."

காபி எப்படி வருகிறது என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் அவர் யோசித்ததில்லை. "வந்தவ ஏன் என்னை எழுப்பல?" என்று கடைசியில் கேட்டார்.

"கொஞ்ச நேரம் நிப்பேன். நீங்களா ஒருநாளு வருவீங்கன்னு பாத்தேன். அப்புறம் பால் பொங்கிடுமேன்னு போயிடுவேன்." அவள் குறையாகச் சொல்லவில்லை. பால் பொங்கும் என்பதற்காகவே சொன்னாள். அவர் அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். ஜல்தி டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று அவள்தான் அவரைத் தேற்றி அனுப்பவேண்டியிருந்தது.

மறு வருடம் ஓய்வு பெற்று முனீர்க்காவில் ஒரு மாடிப் போர்ஷனுக்குக் குடிபோனார்கள். பாத்திரம் பண்டங்களோடு முந்நூறு கஜமும் கூடவே வந்தது. கூட இருக்கும் வரை பக்கத்தில்தான் இருப்பாள். பால் வாங்கவோ குளிக்கவோ அவர் எழுந்து போனால் தூரம் பழையபடி விழுந்துவிடும். அதைக் குறைக்க அவர் இப்போது எதுவும் செய்வதில்லை. ஆனால் எத்தனை தடவை விழுந்தாலும் நடந்துவிடுகிறார். முழங்கால் வலிக்கிற வயதில் இப்படி நடக்கிறோமே, வலிக்காத வயதில் நடந்திருக்கலாமே என்று மட்டும் வழியில் தோன்றும். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரப் பஞ்சாபி அம்மாளுக்குச் செருப்புச் சத்தம் தொந்தரவாக இருந்தது. ஒருநாள் மேலே வந்து, அங்கிள்ஜி, வீட்டுக்குள்ளே எதற்குச் செருப்பு போட்டுக்கொண்டு நடக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டாள்.

"மனைவியிடம் போகிறேன்," என்றார் மாசிலாமணி.

அவள் எட்டிப் பார்த்தாள். தூரம் அதிகம்தான் என்று தலையாட்டிவிட்டுக் கீழே போனாள்.