வாலுவின் உயரத்தில் ஒரு துளை

அருங்காட்சியகத்தின் டைனோசர் கூடத்தை வடிவமைத்தவரிடம் அளவு நாடா இல்லாமல் இல்லை. ஆனாலும் அவர் நம்பியது மகளைத்தான். வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. நாற்காலி, சோபா, அப்பா முதுகு என்று அவள் ஏறாத இடமில்லை. பள்ளிக்கூடமே போகாத அந்த வாண்டைச் சுவரோரம் நிற்கவைத்து, கண்ணுக்கு நேரே பென்சில் கோடு போட்டு, டைனோசரின் முட்டைக் கூட்டை மறைக்கும் பலகையில் எட்டிப்பார்க்கும் துளையின் உயரத்தை முடிவு செய்தார். அங்கே கண்ணை வைத்தால் முட்டைகள்மேல் குனிந்திருக்கும் தாய் டைனோசர் நேராக நம்மையே பார்க்கும். "என்னைய மட்டும்தான் பாக்கணும்" என்று வாலு உத்தரவே போட்டுவிட்டாள்.

கூடம் முடிவதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பாழாய்ப்போன காய்ச்சல், பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது.

திறப்பு விழாவுக்கு முன் ஒத்திகைக்கு வந்த பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அந்தத் துளைக்கு முன்னால் முதுகை வளைத்துக்கொண்டு தவித்தார்கள். ஒருவன் நெற்றியை இடித்துக்கொண்டான். தச்சர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"சார், துளைய ஒரு சாண் ஏத்திடலாம். அந்தத் தாய் டைனோசர் தலையையும் கொஞ்சம் தூக்கிட்டா கண்ணு நேரா வந்துரும்."

"அதத் தொடாதீங்க" என்றார் இவர். தச்சருக்கு விஷயம் தெரியும். டீ குடிக்கப் போய்விட்டார். துளை தப்பான இடத்தில் இருப்பது இவருக்கு மட்டும் தெரியாதா என்ன? ஏற்றிவிட்டால் வாலு நின்ற இடமும் போய்விடுமே என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மறுநாள் மனைவியை அழைத்து வந்தார். மகள் போனதிலிருந்து வாசல்படி தாண்டாதவள் அவள். கூட்டின் முன் வந்ததும் எதுவும் கேட்காமல் முட்டி போட்டாள். துளை அவள் கண்ணுக்குச் சரியாக இருந்தது. வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ண எடுக்கவே மாட்டேங்குதுங்க. யாரையோ தேடுற மாதிரி இருக்கு."

"நம்ம வாலுவத்தான்."

"அவ இனிமே வரமாட்டா." புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வர்ற புள்ளைங்களையாவது பாக்கட்டும். தூக்கிடுங்க."

மனிதர் அங்கேயே உடைந்துபோய் அழுதார். அவள் தடுக்கவில்லை.

பிறகு தச்சரைக் கூப்பிடாமல் அவரே ஸ்பானரை எடுத்து, பலகைக்குப் பின்னால் போய், தாய் டைனோசரின் கழுத்து போல்ட்டைத் திருகினார். தலை மெல்ல மேலே போனது. அவள் துளையில் வைத்த கண்ணை எடுக்கவே இல்லை.

"அது கண்ணு இன்னும் தெரியுதா?" என்று கேட்டார்.

"இல்லங்க. இங்கேர்ந்து இப்ப முட்டைங்க மட்டும்தான் தெரியுது."